இடம் எங்கே போச்சு?

1990. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில், மனிதர்கள் கணினியோடு எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராயும் ஒரு கூடம். அங்கே 14 பேருக்கும் பொதுவாக ஒரே ஹார்ட் டிஸ்க். கொள்ளளவு 80 மெகாபைட். இன்றைக்கு மொபைலில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோவுக்கே பல சமயம் அது பத்தாது. அந்த டிஸ்க் நிரம்பிவிட்டது. யாருடையது எவ்வளவு, எந்த மூலையில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. பதினாலு பேர் புழங்கும் வீட்டில் சர்க்கரை டப்பா காலியானால் யாரைப் போய்க் கேட்பது?

அந்தக் கூடத்தைச் சேர்ந்த பேராசிரியர் பென் ஷ்னைடர்மனுக்கு இது மண்டைக் குடைச்சலாகவே ஆகிவிட்டது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று கிளை பிரியும் மரத்தை ஒரே திரையில் முழுசாகக் காட்ட வழி உண்டா? மரமாக வரைந்தால் திரை பத்தவில்லை. ஒருநாள் ஆசிரியர்களின் ஓய்வறையில் யோசித்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. மரத்தை வரையவே வேண்டாம். திரையை ஒரு செவ்வகமாக வைத்துக்கொள். முதல் நிலை ஃபோல்டர்களுக்கு நெடுக்காக வெட்டு. அடுத்த நிலைக்குக் குறுக்காக வெட்டு. அதற்கடுத்து மறுபடி நெடுக்கு. ஃபைல் எவ்வளவு பெரிசோ கட்டமும் அவ்வளவு பெரிசு. பிரயன் ஜான்சன் என்ற ஆய்வு மாணவர் அதை மெக்கின்டாஷ் கணினியில் ஓடும் நிரலாக எழுதினார். 'ட்ரீமேப்' என்று பெயர் வந்தது. 1992-இல் கட்டுரையும் வெளியானது.

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ட்ரீமேப்பை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ரியல் எஸ்டேட்காரர் மேசையில் விரித்துப் போடும் லேஅவுட் படம்தான் அது. மொத்த நிலம் ஒரு செவ்வகம். முதலில் தெருக்கள், பிறகு மனைகள். யாருக்கு அரை கிரவுண்டு, யாருக்கு நாலு கிரவுண்டு என்று பார்த்ததுமே தெரிந்துவிடும், ஒரு எண்ணைக்கூடப் படிக்க வேண்டாம். ஷ்னைடர்மனின் முதல் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. சில கட்டங்கள் நூல் மாதிரி ஒல்லியாக வந்தன. நம்மூரில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த பிறகு எட்டடி அகலமும் தொண்ணூறடி நீளமுமாக ஒரு மனை மிஞ்சுமே, வீடும் கட்ட முடியாது, விற்கவும் முடியாது, அந்த மாதிரி. 2000-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யார்க்கே வான் வைக்கும் அவருடைய சகாக்களும் கட்டங்களை முடிந்தவரை சதுரமாக்கும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே ஒவ்வொரு கட்டத்துக்கும் நிழல் கொடுத்து, தலையணை மாதிரி உப்பலாகக் காட்டும் வழியையும் வான் வைக் வெளியிட்டிருந்தார்.

(லேஅவுட் படத்தில் ஏரி எங்கே என்று கேட்கக் கூடாது. அது வேறு கட்டுரை.)

ஷ்னைடர்மனுக்கு முன்னால் இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை என்று இல்லை. ஹார்ட் டிஸ்க் பிறந்தது 1956-இல். ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் கணினியோடு வந்த அந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். ஒரு டன்னுக்கு மேல் எடை. அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இடம் நிறைந்துபோகும் கதையும் அப்போதே ஆரம்பித்திருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கென்றே ஒரு கட்டளை எழுதி, அதன் பதிவும் நமக்குக் கிடைப்பது 1971-இல். அந்த வருஷம் நவம்பரில் வெளியான யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே 'டியு' என்ற இரண்டெழுத்துக் கட்டளை இருக்கிறது. டிஸ்க் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் அந்தக் காலத்தில் வைத்திருந்த பிடிபி-11 கணினியின் டிஸ்க்கே 512 கிலோபைட்தான். அரை மெகாபைட்! அவ்வளவு சின்ன வீட்டில் யார் எங்கே கட்டில் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் குடித்தனம் நடத்த முடியாது. (நம்ம ரிச்சி தெருவுக்கும் இந்த ரிச்சிக்கும் சம்பந்தம் கிடையாது. இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆசை.)

டியு நாணயமான ஆள். கேட்டதற்குப் பதில் சொல்லும். ஆனால் பதில் எண்களாக வரும், ஃபோல்டருக்கு ஒரு வரி வீதம், ஆயிரக்கணக்கான வரிகள். ரேஷன் கடைப் பதிவேட்டைப் படிப்பது மாதிரி. கணினியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது போதும். மற்றவர்களுக்கு லேஅவுட் படம் வேண்டும். அது வீட்டுக் கணினிக்கு வந்து சேர மேலும் சில வருஷங்கள் ஆயின. ஐந்தோவனில் 'சிகோயாவியூ' செய்தார்கள். லினக்ஸுக்கு ஷ்டெஃபான் ஹுண்ட்ஹாமர் 'கேடிர்ஸ்டாட்' எழுதினார். அதைப் பார்த்து விண்டோஸுக்கு பெர்ன்ஹார்ட் சைஃபர்ட் 'வின்டிர்ஸ்டாட்' எழுதி இலவசமாகவே விட்டார். டிஸ்க்கை அது அலசிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் பேக்மேன்கள் வாயைத் திறந்து மூடியபடி ஓடும். அலசி முடிந்ததும் கலர் கலராக ஒரு லேஅவுட் விரியும். மெனுவில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாதவர்கூட, பெரிசாக இருக்கும் கட்டத்தைப் பார்த்ததும் விரலை நீட்டி "இது என்ன?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவைத்ததுதான் ட்ரீமேப்பின் சாதனை என்று நினைக்கிறேன்.

அதே வருஷங்களில்தான் நம் பக்கத்து வீடுகளுக்குள் அசெம்பிள் பண்ணிய கணினிகள் வந்து இறங்கின. மின்சார ரயில் ஏறிப் போய், ரிச்சி தெருவில் பார்ட் பார்ட்டாக வாங்கி, மடியில் வைத்துத் தாம்பரம் கொண்டுவந்த பெட்டிகள். மாட்டிக் கொடுக்கும் அண்ணன்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. டிஸ்க்கை மூன்று நான்காகப் பிரித்துவிடுவார்கள். சி டிரைவ் விண்டோஸுக்கு, டி டிரைவ் படிப்புக்கு, ஈ டிரைவ் சினிமாவுக்கும் பாட்டுக்கும். விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி போடலாம், மற்றது பத்திரமாக இருக்கும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் சி டிரைவுக்குக் கஞ்சத்தனமாக ஒதுக்குவார்கள். நாலு வருஷத்தில் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும். டி டிரைவ் பாதி காலியாகக் கிடக்கும். ஹாலில் நிற்க இடமில்லை, மாடியில் ரூம் பூட்டிக் கிடக்கிறது என்கிற கதை.

இன்னொரு குற்றச்சாட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். 500 ஜிபி என்று எழுதியிருக்கும் டிஸ்க்கைப் போட்டால் விண்டோஸ் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. அந்த 35 ஜிபி எங்கேயும் போகவில்லை, படி மாறியிருக்கிறது.

சரி, சிவப்பான பிறகு மக்கள் என்ன செய்தார்கள்? கண்ணில் பட்டதை அழித்தார்கள். இதில்தான் எனக்குக் கவலை.

சேலையூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். பதினோரு வருஷமாகத் தட்டச்சு செய்துவந்த கட்டுரைகள், சங்கப் பாடல்களுக்கு அவர் எழுதிய குறிப்புகள், மாணவர்களுக்கான கடிதங்கள் எல்லாம் சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. நான் போன அன்று அவற்றைப் பழசிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். "தமிழ் ஃபைல் ஜாஸ்தி இடம் புடிக்கும்னு சொல்றாங்களே தம்பி. ஒரு எழுத்துக்கு மூணு பங்காமே?"

"சார், கொஞ்சம் நிறுத்துங்க, முதல்ல பாத்துடலாம்" என்றேன்.

அவர் சொன்ன மூணு பங்கு கட்டுக்கதை அல்ல. அதற்குப் பின்னால் நிஜமான ஒரு சரித்திரம் இருக்கிறது. தாம்பரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் எட்டெழுத்து, எட்டு பைட். தமிழில் நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. 90-களில் புழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் தகரம், கால், மகரமெய், பகரம், ரகரம், மறுபடி மகரமெய் என்று ஆறு பைட்டில் முடிந்துவிடும். யூனிகோடு வேறு மாதிரி எண்ணுகிறது. அதில் மெய்யெழுத்துக்குத் தனி இடம் இல்லை. மகரம் ஒன்று, அதன் தலையில் வைக்கும் புள்ளி ஒன்று என இரண்டு குறிகள். ஆக, தாம்பரத்துக்கு எட்டுக் குறிகள். யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். எட்டு மூணு இருபத்துநாலு. ஆறு பைட்டில் இருந்த ஊர் 24 பைட் ஆகிவிட்டது. யுடிஎஃப்-8-ஐ 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து வடிவமைத்தவர்கள் ராப் பைக்கும், அரை மெகாபைட் டிஸ்க்கில் குடித்தனம் நடத்திய அதே கென் தாம்ஸனும்.

இந்த இருபத்துநாலு தமிழ்க் கணினிக்காரர்களை வருஷக்கணக்கில் தூங்கவிடவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்று இரண்டு எட்டு பிட் குறியாக்கங்களை மாநில அரசு ஏற்றது. அதற்குப் பிறகும் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டும், இடம் வீணாகிறது, தேடல் மெதுவாகிறது என்ற வாதம் ஓயவில்லை. 'டேஸ் 16' என்ற அனைத்தெழுத்துக் குறியாக்கம் முன்வைக்கப்பட்டது. அதில் தாம்பரம் பத்து பைட். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடும் டேஸ் 16-உம் அரசின் தரங்கள் என்று ஆணையும் வந்தது. மொழியின் கட்டமைப்பைச் சரியாகக் காட்ட வேண்டும் என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. மகரத்தின் மேல் புள்ளி வைத்து மெய் செய்வது இலக்கணத்தைத் தலைகீழாக்குவதுதான். ஆனால் இடம் வீணாகிறது என்ற வாதத்தை மட்டும் டிஸ்க்கின் லேஅவுட் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் கணக்கு இப்படி. திருக்குறள் 1330 பாக்களையும் யூனிகோடில், மூணு பங்கு இடம் எடுத்துக்கொண்டு சேமித்தாலும் சுமார் 200 கிலோபைட். வாட்ஸ்அப்பில் காலையில் வருகிறதே, பூங்கொத்தும் காபி டம்ளருமாக ஒரு குட்மார்னிங் படம், ஏறக்குறைய அதே அளவு. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சு நூல்களைப் படமாக்கிப் பாதுகாக்கும் இடம். ஒரு ஏ4 பக்கத்தை 300 புள்ளி அடர்த்தியில், முழு வண்ணத்தில், சுருக்காமல் படமெடுத்தால் 26 மெகாபைட். அதே பக்கத்தின் எழுத்துகளைத் தட்டச்சு செய்து வைத்தால் ஐந்து கிலோபைட் இருக்கும். ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிய தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். டயல்-அப் காலத்தில் வேறு எந்த வடிவத்திலும் அந்த நூல்கள் நம் வீட்டுக்கு வந்திருக்க முடியாது. தமிழ் எழுத்து டிஸ்க்குக்குப் பாரமே இல்லை.

ஆசிரியரின் கணினியில் பேக்மேன்கள் ஓடி முடித்தன. நூறு ஜிபி சி டிரைவ். நடுவில் பாறாங்கல் மாதிரி ஒரு கட்டம், 31 ஜிபி. "இது என்ன?" என்று விரலை நீட்டினார். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மகன், ஊருக்குக் கிளம்புவதற்கு முன் தன் ஐஃபோனை அந்தக் கணினியில் பேக்கப் எடுத்திருந்தார். அது சி டிரைவின் ஒரு மறைந்த ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும், கேட்காது, சொல்லாது. மகன் போய் மூன்று வருஷம். அந்த ஃபோனே இப்போது அவரிடம் இல்லை. பக்கத்தில் ஆறு ஜிபிக்கு இன்னொரு கட்டம், 'ஹைபர்ஃபில்'. அதற்கு அந்தப் பக்கம் விண்டோஸ் தனக்காக எடுத்துவைத்த மீட்புப் புள்ளிகள். ஆசிரியரின் பதினோரு வருஷ எழுத்து எங்கே? தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மொத்தம் 38 மெகாபைட். அந்தப் படத்தில் ஒரு மிளகு அளவு.

அழித்ததில் பாதியைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தோம். மீதி அதற்கு முந்தைய வாரமே போய்விட்டது. போனவற்றில் பல, பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கல் தெரியும். வைரஸ் வந்த ஃபைல் என்று நினைத்து முதலில் அவற்றைத்தான் ஒழித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் லேஅவுட்டைப் பார்த்திருக்கிறேன். பெரிய கட்டங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் பயம். அந்த ஹைபர்ஃபிலையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விஸ்டாவில் மேசைக் கணினிகளுக்கென்று ஓர் ஏற்பாடு வந்தது. கணினி தூங்கப் போகும்போது, நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதிவைத்துவிடும். தூக்கத்தில் கரண்ட் போனாலும் திறந்து வைத்திருந்த வேலை போகாது. அதற்காக நினைவகத்தின் அளவில் பெரும்பங்கு இடத்தை முன்கூட்டியே வளைத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸ் 7-இல் முக்கால் பங்கு, 10-இல் 40 சதவீதம். 2012-இல் சென்னைக்கே தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்த காலத்தில், யுபிஎஸ் வாங்க வசதியில்லாத வீட்டில் அந்த ஃபைல் தன் வாடகையை ஒழுங்காகக் கொடுத்திருக்கும். மீட்புப் புள்ளிகள், அப்டேட் சொதப்பினால் என்ன செய்வது என்ற மைக்ரோசாஃப்டின் பயம். புது விண்டோஸ் ஏற்றிய பிறகு பழசை முழுசாக ஒரு ஃபோல்டரில் கொஞ்ச நாள் வைத்திருப்பதும் அதே பயம். எல்லாமே நியாயமான பயங்கள். கழற்ற மறந்தவைதான் பிரச்சினை.

மனிதர்களின் பயம் இன்னும் பெரிய கட்டம். 2015 டிசம்பர் 2 காலை வரையான இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்களை முழுக அடித்தது. தரைத்தளத்தில் மேசைக்கு அடியில்தானே சிபியூ இருக்கும். ஹார்ட் டிஸ்க் காற்றுப் புகாத டப்பா என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண டிஸ்க்கில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்த, வடிகட்டி வைத்த சின்னத் துளை ஒன்று உண்டு. வெள்ளம் அது வழியாகப் போகும். தண்ணீர் இறங்கியதும் மக்கள் டிஸ்க்கை வெயிலில் காய வைத்தார்கள், அரிசி மூட்டைக்குள் புதைத்தார்கள். தகவலை மீட்பவர்கள் சொல்வது நேர்மாறு: உலர்த்தாதே, மின்சாரம் கொடுக்காதே, ஈரம் காயாமல் பையில் போட்டுக் கொண்டுவா. காய்ந்தால் தண்ணீரில் இருந்த உப்பும் சேறும் தட்டில் ஒட்டிக்கொள்ளும்; அதற்கு மேல் சுழலவிட்டால் தலைமுனை உரசி, இருந்ததும் போகும்.

அந்த வருஷத்துக்குப் பிறகு இங்கே கல்யாண ஆல்பம் ஒன்றுக்கு ஒன்பது பிரதிகள். சி-யில் ஒன்று, டி-யில் ஒன்று, 'புது பேக்கப்', 'புது பேக்கப் 2', 'ஃபைனல்' என்று. எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கி அதில் எல்லாவற்றையும் போட்டு, அந்த டிரைவ் பழசானதும் அதை அப்படியே மறுபடி கணினிக்குள் கொட்டுவார்கள். எட்டு பிரதிகளை அழிக்கலாம் என்று சொன்னால், வெள்ளம் பார்த்த அம்மாக்கள் ஒத்துக்கொள்வதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. ஒரே டிஸ்க்கில் ஒன்பது வைப்பதைவிட, வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டில் ஒன்று வையுங்கள் என்பேன். சிலர் கேட்டிருக்கிறார்கள்.

மொபைல் வந்த பிறகு கேள்வி அங்கே குடிபெயர்ந்துவிட்டது. 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டது. இந்தியர்களின் மொபைல்கள் ஏன் அடிக்கடி திணறுகின்றன என்று ஆராய்ந்த கூகுள்காரர்கள் கடைசியில் கண்டுபிடித்தது குட்மார்னிங் படங்களை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2017 டிசம்பரில், வேண்டாததைக் காட்டி அழிக்க உதவும் 'ஃபைல்ஸ் கோ' என்ற செயலியை கூகுள் விட்டிருந்தது. உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருங்களத்தூரில் தனியாக இருக்கும் பாட்டிக்கு, காலை ஆறு மணிக்கு வரும் அந்தப் பூங்கொத்துதான் 'நான் எழுந்துட்டேன், நீ எப்படி இருக்கே' என்பதன் சுருக்கம். அந்த 200 கிலோபைட்டை ஒரு திருக்குறளோடு ஒப்பிட்ட நானே சொல்கிறேன், அதை அழிக்கச் சொல்லும் உரிமை செயலிக்குக் கிடையாது. அனுப்பிய படத்தின் இன்னொரு பிரதியை வாட்ஸ்அப் 'சென்ட்' என்ற ஃபோல்டரில் தானாகவே வைத்துக்கொள்வதைப் பாட்டிக்குக் காட்டியிருக்கலாம். லேஅவுட் இருந்தால் அவரே விரலை நீட்டிக் கேட்டிருப்பார்.

மொபைலில் அந்த லேஅவுட்டைத்தான் சுருட்டி வைத்துவிட்டார்கள். 'படங்கள்', 'செயலிகள்', 'சிஸ்டம்', 'மற்றவை' என்று நாலு வண்ணப் பட்டை காட்டுவார்கள். 'மற்றவை' என்றால் என்ன என்று தொட்டுப் பார்த்தால் கதவு திறக்காது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு, ஒரு செயலியின் சொந்த ஃபோல்டருக்குள் இன்னொரு செயலி எட்டிப் பார்ப்பதையும் தடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான், என் வங்கிச் செயலியின் ஃபைல்களை எவனோ எழுதிய டார்ச்லைட் செயலி படிக்க வேண்டாம். ஆனால் ட்ரீமேப் வரையும் செயலிக்கும் அதே கதவு சாத்தப்பட்டது. வீட்டுக்காரருக்கே தன் வீட்டின் வரைபடம் அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

மேகத்தில் அதுவும் இல்லை. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் வரம்பில்லாத இலவச இடம் நின்றுபோனது. மெயிலும் படமும் டிரைவும் சேர்த்து 15 ஜிபி. அது நிறையும்போது சி டிரைவில் பார்த்த அதே சிவப்புப் பட்டை வருகிறது. பேக்மேன் ஓடுவதில்லை. பட்டைக்குப் பக்கத்தில் மாதச் சந்தா எவ்வளவு என்று மட்டும் போட்டிருக்கிறது.